வெயிட் இல்லாத குக்கர்

சென்னை விமான நிலையத்தில், பெட்டியை எடைபோடுவதற்கு முன்னால், அம்மா அதைத் திறந்து ஒரு மஞ்சள் பையை வெளியே எடுத்தார். அதற்குள் ஒரு பாட்டில் நெய், ஒரு கிலோ பால்கோவா, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிற பெண் பால்கோவா இல்லாமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கட்டியது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர்தான் சொன்னார்: "ஐரோப்பாவுக்குப் பால் சாமானும் கறிச் சாமானும் கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. பச்சை இலைக்கும் சர்டிபிகேட் கேட்பாங்க." அப்பா பையை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன். குக்கரின் வெயிட்டும் அந்தப் பையில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது நான்காம் நாள், உப்சாலாவில், பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றிய பிறகு.

மதுரையில் பொறியியல் படிக்கிறேன். ஏழாவது செமஸ்டரை மட்டும் ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தது. 1477ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அந்தப் பக்கத்து நாடுகளிலேயே மிகப் பழையது. 2025 ஆகஸ்டு கடைசியில் போய் ஜனவரி நடுவில் திரும்ப வேண்டும். அதில் முதல் ஏழெட்டு வாரம் பட்ட பாட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதற்கப்புறம் எல்லாம் நன்றாகவே போனது, எழுத ஒன்றும் பெரிதாக இல்லை.

முதல் தப்பு டிக்கெட்டிலேயே நடந்தது. விலை குறைவு என்று சனிக்கிழமை போய் இறங்கும் விமானத்தைப் பிடித்தேன். அறைச் சாவி தரும் அலுவலகம் சனி ஞாயிறு திறக்காது. இது எனக்கு வந்த மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. நம்மூர் விடுதியாக இருந்தால் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி எப்படியாவது உள்ளே போயிருக்கலாம். இங்கே வாட்ச்மேனே கிடையாது. இரண்டு இரவு பயணியர் விடுதியில், ஆறு பேர் படுக்கும் அறையில் தங்கினேன். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விட்டது. திங்கள், செவ்வாய் பார்த்து இறங்குங்கள்.

ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து உப்சாலாவுக்கு ரயிலில் இருபது நிமிடம்தான். ஆனால் விமான நிலையத்து ரயில் நிலையத்தைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் சேர்கிறது. 801 என்ற பேருந்து முக்கால் மணி நேரம் எடுக்கும், செலவு குறைவு. இதையும் நான் ரயிலில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கையில் முந்நூறு குரோனர் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா, எப்போதோ அந்தப் பக்கம் போனபோது மிஞ்சியது என்று மூன்று நூறு குரோனர் தாள்களை ஆசீர்வாதம் மாதிரி கொடுத்தனுப்பியிருந்தார். அப்போது ஒரு குரோனர் ஒன்பது ரூபாய் சொச்சம், ஆக நல்ல தொகைதான். ரயில் நிலையத்துக் கடையில் ஒரு பன் வாங்கிவிட்டு ஒரு தாளை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகப் பொருளைத் தருவது போல இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள். அந்தத் தாள் 2017 ஜூனோடு செல்லாமல் போயிருக்கிறது. மத்திய வங்கிக்கு அனுப்பி மாற்றலாம், அதற்குக் கட்டணம் உண்டு. புதுத்தாளாக இருந்திருந்தாலும் அந்தக் கடை வாங்கியிருக்காது. காசே வாங்குவதில்லை என்று கல்லாவில் எழுதி ஒட்டியிருந்தது. பேருந்திலும் அப்படித்தான், கார்டு அல்லது செயலி.

அந்தப் பழைய தாளில் இருந்த முகம் லின்னேயஸ். செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர். அவர் வாழ்ந்ததும் பாடம் சொன்னதும் இதே உப்சாலாவில்தான், அவர் தோட்டம் இன்னும் ஊர் நடுவில் இருக்கிறது. மாமாவுக்கு அந்தத் தோட்டத்தில் நின்று தாளைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். முந்நூறு குரோனருக்கு அதுதான் பலன்.

திங்கட்கிழமை சாவி கிடைத்தது. ஊருக்கு மேற்கே ஃப்ளோக்ஸ்டா என்ற பகுதி. வரிசையாக உயரமான கட்டடங்கள், எல்லாம் மாணவர்கள். ஒரு காரிடாரில் பன்னிரண்டு அறை, அறைக்குள்ளேயே குளியலறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. கட்டிலும் மெத்தையும் இருந்தன. தலையணை, போர்வை, திரை, தட்டு, கரண்டி எதுவும் இல்லை. முதல் இரவு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, சுடிதாரைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். பத்து மணி ஆனது. திடீரென்று வெளியே ஒரு அலறல். அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று. பிறகு எல்லாக் கட்டடத்திலிருந்தும் ஆணும் பெண்ணுமாகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தீ விபத்து என்று நினைத்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு காரிடாருக்கு ஓடினேன். அங்கே ஒருவன் அமைதியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து "ஹேய்" என்றான். திரும்பவும் கழுவத் தொடங்கினான்.

ஃப்ளோக்ஸ்டா அலறல் என்று அதற்குப் பெயர். எழுபதுகளிலிருந்து நடக்கிறது என்கிறார்கள். தினமும் இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து கத்துவார்கள், தேர்வு நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். இதை எனக்கு யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. நான் பாஸ்போர்ட்டோடு நின்றதைப் பார்த்த அந்தப் பையன்கூடச் சொல்லவில்லை. அறைக்குத் திரும்பி இணையத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அந்த முதல் வாரம் எனக்குச் சரியான கோபம். காரிடாரில் பதினோரு பேர் இருக்கிறார்கள். எந்த ஊர், என்ன படிக்கிறாய், சாப்பிட்டாயா, ஒருவர் கேட்கவில்லை. சமையலறைக்குள் நுழைந்தால் "ஹேய்", வெளியேறும்போது "ஹே தோ". அவ்வளவுதான். ஊரில் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அம்மா தூங்காமல் காத்திருந்து "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பார். அழுகையை அடக்கிக்கொண்டு "ம்" என்பேன்.

அப்புறம் குக்கர் விஷயம்.

வெயிட் இல்லாத குக்கர் ஒரு கனமான பாத்திரம், அவ்வளவுதான். துவரம் பருப்பு வேக ஒரு மணி நேரம் ஆகும். மின்அடுப்பு, சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். அடுப்பு மெதுவாகத்தானே காய்கிறது என்று அறைக்குப் போய்விட்டு வந்தால் பொங்கி வழிந்து, கண்ணாடி அடுப்பெல்லாம் மஞ்சள். ஆகவே பக்கத்திலேயே நின்று கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை நான் அந்தச் சமையலறையில் ஒரு தூண் மாதிரி நின்றேன். மற்றவர்கள் வந்து ரொட்டியைச் சுட்டுக்கொண்டு, பாஸ்தாவை வடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அந்தப் பாத்திரம் கழுவிய பையன் வந்து மேஜையில் உட்கார்ந்தான். கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய சிவப்பு மரக்கட்டடம் சக்கரத்தின் மேல் தெருவில் ஊர்ந்துபோகிறது. "அது என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவன் வடக்கே கீருனாக்காரன். ஊருக்கு அடியில் இரும்புச் சுரங்கம், தோண்டத் தோண்டத் தரை இறங்குவதால் ஊரையே கிழக்கே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 1912ல் கட்டிய மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோய் வைத்தார்கள். நான் வந்து இறங்குவதற்கு மூன்று நாள் முன்னால்தான் அது போய்ச் சேர்ந்தது. அவன் அப்பா, சித்தப்பா எல்லோரும் தெருவில் நின்று பார்த்திருக்கிறார்கள். நான் எங்கள் ஊர் ஆண்டாள் கோயில் தேரைக் காட்டினேன். இரண்டு பேரும் சக்கரம், பாரம், திருப்பம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். பருப்பு வெந்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை.

அவன் 'ஆமாம்' சொல்வது ஒரு தனி விஷயம். வாயால் சொல்ல மாட்டான், உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பான். முதலில் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், அதிர்ச்சியாகிவிட்டான் என்று நினைத்தேன். வட ஸ்வீடனில் அப்படித்தானாம்.

பழகிய பிறகு ஒருநாள் கேட்டேன், முதல் நாள் பாஸ்போர்ட்டோடு நின்றபோது ஏன் எதுவும் சொல்லவில்லை என்று. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ கேட்கவில்லையே. புதிதாக வந்திருக்கிறாய், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன்" என்றான். உண்மையாகவே சொன்னான். அவர்கள் பக்கத்து மரியாதை அது. ஒருவரை அவர் பாட்டுக்கு விடுவது. நமக்கு, வந்தவரை வா என்று சொல்லி நாலு கேள்வி கேட்பதுதான் மரியாதை. கேள்வி வராததை நான் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் கேட்கத் தொடங்கினேன். கேட்டபோது ஒரு ஆள்கூட முகம் சுளிக்கவில்லை, சிலர் தேவைக்கு மேலேயே செய்தார்கள்.

உதாரணம், சைக்கிள். உப்சாலாவில் சைக்கிள் இல்லாமல் காலம் தள்ள முடியாது. என் வகுப்புகள் நடந்த ஓங்ஸ்ட்ரோம் ஆய்வகம் ஊரின் தெற்கே, என் அறையிலிருந்து நடந்தால் முக்கால் மணிக்கு மேல். பழைய சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்தது. விற்றவர் பணத்தை ஸ்விஷில்தான் வாங்குவேன் என்றார். ஸ்விஷ் நம்மூர் ஜிபே மாதிரி, ஊரே அதில்தான் ஓடுகிறது. அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும். பேங்க்ஐடி என்ற, வங்கி தரும் மின்னணு அடையாளம் வேண்டும். அவற்றுக்கெல்லாம் பெர்சோன்நும்மர் என்ற எண் தேவைப்படும். நம் ஆதார் மாதிரி, ஆனால் அதைவிடப் பிடிவாதமானது. ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது. அதாவது ஒரு செமஸ்டருக்கு வருகிறவர்கள் ஐந்து மாதமும் ஸ்விஷ் இல்லாமல்தான் இருக்க வேண்டும். இதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் இல்லை. நான் இரண்டு வங்கி ஏறி இறங்கினேன். இரண்டு இடத்திலும் மெஷினில் வரிசைச் சீட்டு எடுத்து, எண் வரும்வரை உட்கார்ந்து, பணிவான குரலில் 'முடியாது' கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் காரிடாரில் இருந்த ஒரு மருத்துவ மாணவியிடம், "உன் ஸ்விஷிலிருந்து கட்டிவிடுகிறாயா, நான் உனக்குக் கடையில் சாமான் வாங்கிக் கழித்துவிடுகிறேன்" என்று கேட்டேன். கேட்பதற்கு மூன்று நாள் கூச்சம். அவள் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதோடு சைக்கிளைப் பார்க்க என்கூடவே வந்து, பிரேக் சரியில்லை என்று பேசி விலையையும் குறைத்தாள். மூன்று வாரம் அவளுக்கு நான் காபித்தூளும் ஓட்ஸும் வாங்கிப்போட்டேன். என் பயணக் கார்டு கடைகளில் ஒழுங்காக வேலை செய்தது. வேறு வங்கியின் கார்டு ஒன்றும் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று முடங்கினால் கையில் காசு வைத்துப் பிழைக்க முடியாத நாடு.

சைக்கிளுக்கு நல்ல பூட்டு, இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. விளக்கு சட்டப்படி கட்டாயம். பூட்டில் மிச்சம் பிடித்தால் சைக்கிளே போய்விடும்.

சாப்பாட்டில் எனக்கு அதிர்ஷ்டம் தப்பின் வடிவத்தில் வந்தது. முதல் வாரம் பால் என்று நினைத்து ஒரு அட்டைப்பெட்டி வாங்கினேன். காபியில் ஊற்றினால் திரிதிரியாகப் போனது. பெட்டியில் 'ஃபில்மியோல்க்' என்று எழுதியிருந்தது. அது புளித்த பால். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் ஒருமுறையாவது அதைப் பால் என்று வாங்கித் திட்டுவார்களாம். நான் திட்டவில்லை. ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தேன், கெட்டி மோருக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு ருசி. அன்றைக்கு மதியமே சோறு வடித்து, அதை ஊற்றிப் பிசைந்து, கடுகு தாளித்தேன். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வயிறு நிறைந்தது.

ஊறுகாய்க்கு ஒரு வழி செப்டம்பரில் கிடைத்தது. காடு யாருடையதாக இருந்தாலும் அதில் யாரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம் என்பது ஸ்வீடனில் எல்லோருக்கும் உள்ள உரிமை. வீட்டை ஒட்டிய இடத்துக்குள் போகக் கூடாது, எதையும் பாழாக்கக் கூடாது, அவ்வளவே கட்டுப்பாடு. ஃப்ளோக்ஸ்டாவுக்குப் பக்கத்திலேயே ஹோகா பள்ளத்தாக்குக் காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரிடாரில் நாலு பேர் லிங்கோன் பறிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. என்னைக் கூப்பிடவில்லை. நானே "நானும் வரட்டுமா?" என்றேன். "ஓ, தாராளமாக, உனக்கு ஆர்வமிருக்கும் என்று தெரியாதே" என்றார்கள். குண்டுமணி அளவில் சிவப்பாக, புளிப்பும் லேசான கசப்புமாக ஒரு பழம். அவர்கள் ஜாம் போட்டார்கள். நான் ஒரு பங்கை எடுத்து மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் போட்டுத் தொக்கு கிண்டினேன். லிங்கோனில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் லேசில் கெடாது. டிசம்பர் வரை வந்தது. கீருனாப் பையன் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவான், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

காளான் மட்டும் தெரிந்தவர்கள் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

சாமான் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசி, மைசூர் பருப்பு, கொண்டைக்கடலை சாதாரணக் கடையிலேயே உண்டு. துவரம் பருப்புக்கும் உளுந்துக்கும் ஆசியக் கடை. ஊரிலிருந்து சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, கட்டிப் பெருங்காயம் கொண்டுவந்தால் போதும். குளிர்கால ஜாக்கெட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே பழைய துணிக்கடைகளில் நல்லதே கிடைக்கும், அந்த ஊர்க் குளிருக்குத் தைத்தது. நான் தி.நகரில் வாங்கிய ஜாக்கெட் செப்டம்பர் மழைக்கே தாங்கவில்லை. தலையணை, தட்டு, வாணலியெல்லாம் அதே மாதிரிக் கடையில்தான் வாங்கினேன்.

துணி துவைப்பது ஒரு தனி அரசாங்கம். கட்டடத்துக்குப் பொதுவான துவைக்கும் அறை, முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் நேரம் முடிந்து ஐந்து நிமிடம் துணி உள்ளே கிடந்தால் அடுத்தவர் அதை எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். உலர்த்தும் மெஷினில் பஞ்சு படியும் வலையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் கதவில் ஒரு சீட்டு. ஸ்வீடிஷில் பெரிய எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி. மொழிபெயர்த்துப் பார்த்தேன்: "வலையைச் சுத்தம் செய். உன் அம்மா இங்கே வேலை செய்யவில்லை!!!" அம்மாவைப் பற்றி எழுதிவிட்டார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. மருத்துவ மாணவியிடம் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அது எல்லாத் துவைக்கும் அறையிலும் ஒட்டுகிற வாசகமாம். நேரில் சண்டை போட வராத ஊரில் சீட்டுதான் சண்டை. எழுதியவர் ஒட்டியதோடு மறந்திருப்பார், நாமும் வலையைத் துடைத்துவிட்டு மறந்துவிடலாம். நான் மறக்க ஒரு வாரம் ஆனது.

படிப்புக்கு வருகிறேன். முதல் வகுப்புக்குப் பத்து மணி என்றார்கள் என்று 9.50க்கே போய் உட்கார்ந்தேன். அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. பல்கலைக்கழகத்தில் பத்து மணி என்று சொன்னால் 10.15 என்று பொருள், அதற்குக் 'கல்விக் கால்மணி' என்று பெயர். ஆனால் 10.16க்கு வந்தால் தாமதம்.

பேராசிரியரை எப்படிக் கூப்பிடுவது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. அவருக்கு அறுபது வயதிருக்கும். மின்னஞ்சலில் கீழே வெறும் பெயர் மட்டும் போட்டிருந்தார். எல்லோரும் அவரை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் அவரைக் கூப்பிடாமலேயே பேசினேன். எதிரில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, அப்புறம் கேள்வி. இதை காரிடாரில் சொன்னபோது கீருனாப் பையனின் பாட்டி காலத்துக் கதை வந்தது. அந்தக் காலத்தில் ஸ்வீடிஷிலும் பெரியவர்களை 'நீ' என்று சொல்ல முடியாது. எதிரில் இருக்கும் டாக்டரிடமே "டாக்டருக்குக் காபி வேண்டுமா?" என்று படர்க்கையில் கேட்க வேண்டும். பட்டம் தெரியாவிட்டால் ஆளையே சொல்லாமல் வாக்கியத்தைச் சுற்றி வளைப்பார்கள், நான் செய்த மாதிரியே. 1967ல் நாட்டின் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்சட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ', அதாவது 'நீ' என்றே அழைக்கப்போகிறேன் என்று அறிவித்தார். அதற்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தாலும் அவர் பெயர்தான் நிலைத்தது. கொஞ்ச வருடத்தில் நாடே மாறிவிட்டது. எனக்கு அந்தக் கதை தெம்பு தந்தது. மூன்றாம் வாரம் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் கீச்சென்று வந்தது. அவர் சாதாரணமாகத் திரும்பி "யா?" என்றார்.

இதைவிட முக்கியம் தேர்வுப் பதிவு. நம்மூரில் கட்டணம் கட்டிவிட்டால் ஹால் டிக்கெட் தானாக வரும், வராவிட்டால் துறையில் யாராவது கூப்பிட்டுத் திட்டுவார்கள். உப்சாலாவில் எழுத்துத் தேர்வுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே லாடோக் என்ற தளத்தில் நாமே பதிய வேண்டும். பதியவில்லை என்றால் எழுத முடியாமல் போகும். பாடத்தைச் சேர்த்துக்கொள்வதும் அப்படித்தான், செமஸ்டர் தொடக்கத்தில் நாமே. யாரும் நினைவூட்டமாட்டார்கள் என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். என் முதல் தேர்வு அக்டோபர் கடைசியில். கூடப் படித்த பெண்ணிடம் தற்செயலாக "தேர்வு எந்த அரங்கில்?" என்று கேட்டதால்தான், "பதிந்துவிட்டாய் அல்லவா?" என்று அவள் கேட்டாள். பதிவு முடிய ஒரே நாள் இருந்தது.

தேர்வு ஐந்து மணி நேரம். பக்கத்து மேஜைக்காரர் வாழைப்பழம், ரொட்டி, பிளாஸ்கில் காபி என்று கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி பரப்பிவைத்து எழுதினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பசியில் வாடினேன்.

நண்பர்கள் கிடைக்க 'நேஷன்' என்ற சங்கங்களில் சேருங்கள். உப்சாலாவில் பதின்மூன்று இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் படிக்க வந்தவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவை, சென்னையில் மாவட்டத்துக்கு ஒரு சங்கம் இருக்கிற மாதிரி. 2010 வரை மாணவர்கள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. இப்போது விருப்பம்தான், எந்த மாகாணத்துக்காரரும் எதிலும் சேரலாம். மலிவு மதியச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை ஃபிகா என்ற காபி-பலகார நேரம், பாடிக்கொண்டே சாப்பிடும் விருந்து எல்லாம் உண்டு. ஆனால் விருந்தாளியாகப் போனால் நட்பு வராது, வேலையாளாகப் போனால் வரும். நான் சமையலறையில் ஒரு மாலை வெங்காயம் நறுக்கப் போனேன். எட்டுக் கிலோ. நம்மூர் வேகத்தில் நறுக்கியதைப் பார்த்து அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். கையில் வேலை இருந்தால் அவர்களுக்குப் பேச்சு தானாக வருகிறது, வெறுமனே எதிரெதிரே உட்கார்ந்தால்தான் வருவதில்லை.

இருட்டைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். முதல் வாரங்களில் அது தெரியவே தெரியாது. ஆகஸ்டு கடைசியில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம். அப்புறம் தினமும் ஐந்தாறு நிமிடம் களவுபோகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் தொடக்கத்தில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே நடந்து போகிறவர்கள் சட்டையில் ஒரு சின்னப் பளபள வில்லையைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள், காரின் வெளிச்சம் பட்டால் மின்னும். நானும் இரண்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் வகுப்பு இல்லாத நாளிலும் காலையில் வெளியே போய்விடுவேன். வெளிச்சம் இருக்கும்போது தூங்கிவிட்டால் அந்த நாள் போச்சு.

செல்சியஸ் இதே ஊர்க்காரர். 1742ல் அவர் சொன்ன அளவுகோலில் தண்ணீர் உறைவது 100, கொதிப்பது 0. பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் குளிர் ஏற ஏற எண்ணும் ஏறியிருக்கும், எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

அக்டோபரில் ஒரு காய்ச்சல் வந்தது. 1177 என்ற எண்ணுக்கு அழைத்தால் செவிலியர் ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்வார். பாராசிட்டமால் போடு, தண்ணீர் குடி, இத்தனை நாளுக்குள் குறையாவிட்டால் திரும்ப அழை என்றார். ஊசி கேட்டுப் பழகிய மனசுக்கு ஏமாற்றம்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அவசரத்துக்கு 112. காய்ச்சலில் படுத்திருந்தபோது என் கதவுக்கு வெளியே யாரோ ஒரு கிண்ணம் சூப்பை வைத்து, மேலே சீட்டு ஒட்டியிருந்தார்கள். கதவைத் தட்டவில்லை. சீட்டில் பெயரும் இல்லை. கையெழுத்தைப் பார்த்தேன், துவைக்கும் அறைச் சீட்டின் அதே பெரிய எழுத்து. ஒருவேளை எல்லா ஸ்வீடன்காரர்களுக்கும் அதே கையெழுத்தோ என்னவோ.

குக்கர் வெயிட்டை அம்மா கூரியரில் அனுப்ப விசாரித்தார். குக்கர் விலையைவிடக் கூடுதல் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். அப்படியே ஓடிவிட்டது. அந்த அடுப்படியில் இத்தனை மாதமும் தினம் ஒரு மணி நேரம் நின்றேன். அதற்குள் காரிடாரில் எல்லோருக்கும் அது தெரிந்து, ஆறு மணி ஆனால் யாராவது ஒருவர் வந்து மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜனவரியில் என் கல்லூரி ஜூனியர் ஒருத்தி அங்கே போகிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அக்கா, குக்கர் கொண்டுவரலாமா? எடை அதிகமாகுது." சமையலறை அலமாரியில் என் குக்கரை வைத்துவிட்டு வருகிறேன், வெயிட்டை மட்டும் எங்கள் வீட்டில் வாங்கிக்கொள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு ஒரு நிமிடம் யோசித்தேன். "அவசரமில்லை, மறந்தாலும் பரவாயில்லை" என்று இன்னொரு வரி சேர்த்தேன்.